சித்தப்பா ஓஎஸ் போட்டார்

"லினக்ஸா? அதை இன்ஸ்டால் பண்றதே பெரும்பாடாச்சே!" என்று சொல்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். விண்டோஸை நீங்களே எப்போதாவது இன்ஸ்டால் செய்திருக்கிறீர்களா? பெரும்பாலும் இல்லை என்பார்கள். வாங்கும்போதே உள்ளே இருந்தது. நடுவில் படுத்துவிட்டால் தெருமுனை சர்வீஸ் கடையில் கொடுப்போம், அந்தப் பையன் 'ஃபார்மட் அடிச்சு ஓஎஸ் போட்டு' சாயங்காலம் கையில் கொடுத்துவிடுவான். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு. அவன் உள்ளே என்ன செய்தான் என்று யாரும் கேட்டதில்லை.

ஆக, முதன்முறை லினக்ஸ் போடப் போகிறவர் ஒரே நாளில் இரண்டு புது வேலைகளைச் செய்கிறார். ஒன்று லினக்ஸோடு பழகுவது, இன்னொன்று ஓஎஸ் போடுவது. பயம் பெரும்பாலும் இரண்டாவதால் வருகிறது, பழி முதலாவதன் தலையில் விழுகிறது. பொங்கலுக்குத் தஞ்சாவூர் போயிருந்தபோது சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில் எனக்கு இது இன்னும் உறுதியாயிற்று.

சித்தப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவரிடம் இருப்பது ஆறாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க் கொண்ட ஒரு லேப்டாப். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. வேண்டுமானால் ஒரு வருடம் நீட்டித்துக்கொள்ளலாம், அதுவும் 2026 அக்டோபர் வரைக்கும்தான். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். இவருடைய லேப்டாப் அந்தப் பந்தியில் உட்கார முடியாது.

"புதுசு வாங்கிக்கோன்னு இதுவே சொல்லுதும்மா. நல்லாத்தானே ஓடுது?" என்றார்.

"லினக்ஸ் போட்டுடலாம் சித்தப்பா. ஆனா நீங்கதான் போடணும். நான் கீபோர்டைத் தொட மாட்டேன்."

"நானா? எனக்கு எங்கம்மா அதெல்லாம்…" என்று இழுத்தவர், அரை மணி நேரத்தில் ஒரு பழைய டயரியும் பேனாவும் எடுத்து வந்து உட்கார்ந்துவிட்டார்.

எந்த லினக்ஸ் என்பது அடுத்த கேள்வி. இணையத்தில் இதைக் கேட்டால் குடும்பச் சண்டை அளவுக்குப் போகும், நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. முதல் தடவை போடுகிறவருக்கு நான் மின்ட்டைத்தான் சொல்வேன். விண்டோஸ் 7 பழகிய கைக்கு எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். 2006-ல் கிளெமென்ட் லெஃபெவ்ர் தொடங்கியது. உபுண்டுவின் மேல் கட்டப்பட்டது, உபுண்டு டெபியனின் மேல், எல்லாவற்றுக்கும் அடியில் 1991-ல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுத ஆரம்பித்த கெர்னல். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. அதில் சினமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று முகங்கள். சினமன்தான் அழகு. 4 ஜிபி ராமுக்கு எக்ஸ்எஃப்சிஇ எடுத்தோம்.

(லினக்ஸ் நம் வீடுகளுக்கு முன்பே வந்து போயிருக்கிறது. 2011-ல் தமிழக அரசு கொடுக்க ஆரம்பித்த விலையில்லா லேப்டாப்களில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கும். எனக்குத் தெரிந்த பிள்ளைகள் யாரும் அந்த இரண்டாவது வரியைத் தொட்டுப் பார்த்ததே இல்லை. இருந்தும் யாரும் சொல்லித்தரவில்லை.)

இனி நிஜமான வேலை. அதில் முக்கால்வாசி பென்டிரைவைச் செருகுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

முதலில் பேக்கப். போட்டோ, பாட்டு, பென்ஷன் காகிதங்களின் ஸ்கேன், அவர் வருடக்கணக்காகத் தட்டிவைத்த தேவாரக் குறிப்புகள், எல்லாம் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்குக்குப் போயின. காப்பியான பிறகு நாலைந்து கோப்புகளை அங்கிருந்தே திறந்து பார்க்கச் சொன்னேன். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று சொல்ல மாட்டேன். முடிந்ததும் அந்த டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வைத்தாயிற்று. நிறுவும் நேரத்தில் அது செருகியிருந்தால், எந்த டிஸ்க்கில் போடுகிறோம் என்ற குழப்பத்தில் அதையே அழித்துவிட வாய்ப்பிருக்கிறது.

அடுத்து விண்டோஸுக்குள்ளேயே இரண்டு வேலை. ஒன்று, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்பதை கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் போய் நிறுத்துவது. அது இயங்கும்வரை ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். பிறகு லினக்ஸிலிருந்து விண்டோஸ் டிரைவைத் திறந்தால் படிக்கலாம், எழுத முடியாது. இன்னொன்று, டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரோ டிவைஸ் என்கிரிப்ஷனோ இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் அதன் ரெகவரி கீயை முதலில் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சித்தப்பா லேப்டாப்பில் இல்லை, ஆனால் புது லேப்டாப்கள் பலவற்றில் உடையவருக்கே தெரியாமல் இருக்கிறது.

பிறகு இடம் ஒதுக்குவது. விண்டோஸை முழுசாகத் தூக்கிவிடலாமா, பக்கத்திலேயே லினக்ஸையும் வைத்துக்கொள்ளலாமா? வீட்டில் இன்னொரு கம்ப்யூட்டர் இருந்தால் தூக்கிவிடுங்கள் என்பது என் கட்சி. இரண்டும் இருந்தால் சின்னத் தடங்கல் வந்தாலும் கால் பழைய வழிக்கே போகும். ஆனால் சித்தப்பாவிடம் இருப்பது இது ஒன்றுதான், கூடவே பிரின்டர் பிரச்சினை ஒன்று இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். ஆகவே இரண்டும் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. நம்மூர் லேப்டாப்களில் சி, டி, இ என்று பிரித்தே கொடுத்திருப்பார்கள் அல்லவா? டிஸ்க் மேனேஜ்மென்டில் அந்த இ டிரைவை ஷ்ரிங்க் செய்து 100 ஜிபி காலியிடம் எடுத்தார். மின்ட் தானும் 20 ஜிபி இருந்தால் போதும், 100 இருந்தால் வசதி என்றுதான் சொல்கிறது.

மின்ட்டை நிறுவ உதவும் ஐஎஸ்ஓ கோப்பு மூன்று ஜிபிக்குச் சற்றுக் குறைவு. அதை இறக்கியதும் நேராக பென்டிரைவில் எழுதிவிடுவார்கள் பலரும். நடுவில் ஒரு படி இருக்கிறது, எஸ்ஹெச்ஏ256 சரிபார்ப்பு. 2016 பிப்ரவரியில் மின்ட்டின் இணையதளத்துக்குள் யாரோ புகுந்து, கள்ளக்கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்கு இணைப்பை மாற்றிவிட்டார்கள். சரிபார்க்கும் பழக்கம் இதற்காகத்தான். பாதியில் நின்றுபோன டவுன்லோடும் இதில் பிடிபடும். விண்டோஸில் செர்ட்யூடில் என்ற கட்டளை 64 எழுத்து, எண்கள் கொண்ட ஒரு நீள வரியைத் தரும். தளத்தில் போட்டிருக்கும் வரியோடு அது பொருந்த வேண்டும். நான் வாசிக்க, சித்தப்பா ஒவ்வொன்றாக டிக் அடித்தார். முதல் எட்டும் கடைசி எட்டும் சரியாக இருந்தால் போதும் என்றேன்.

"அரைகுறையாத் திருத்துற பழக்கம் எனக்கு இல்லம்மா. வாசி."

வாசித்தேன்.

ரூஃபஸ் என்ற சின்ன மென்பொருளால் பென்டிரைவில் எழுதினோம். அதில் இருந்ததெல்லாம் அழியும், மருமகள் கொடுத்த சீரியல் பென்டிரைவை எடுத்துவிடாதீர்கள். பிறகு ரீஸ்டார்ட், பூட் மெனு. டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9. லோகோ வருவதற்குள் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சித்தப்பா மரியாதையாக ஒரே ஒரு முறை தட்டிவிட்டுக் காத்திருந்தார், விண்டோஸ் வந்துவிட்டது. "விடாமத் தட்டுங்க சித்தப்பா, அது ஒண்ணும் கோவிச்சுக்காது." அடுத்த முறை வந்தது.

பென்டிரைவிலிருந்து மின்ட் ஏறியதும் முழு டெஸ்க்டாப் வந்து நிற்கும், இன்னும் எதுவும் நிறுவப்படவில்லை. இதுதான் லைவ் செஷன். வாடகைக்குப் பேசும் முன் வீட்டைச் சுற்றி வந்து குழாயைத் திறந்து பார்ப்போமே, அதைத்தான் இங்கே செய்ய வேண்டும். வைஃபை வருகிறதா, சத்தம் கேட்கிறதா, கேமரா தெரிகிறதா, டச்பேடில் இரண்டு விரல் வைத்தால் பக்கம் நகர்கிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா. சில வைஃபை சில்லுகளுக்கு, குறிப்பாகப் பழைய பிராட்காம் வகைகளுக்கு, டிரைவர் தனியாகப் போட வேண்டியிருக்கும். அப்படியானால் போனை யுஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங் ஆன் செய்துகொள்ளுங்கள், நெட் வந்துவிடும். சித்தப்பா லேப்டாப்பில் எல்லாமே வேலை செய்தன. ஒரு மணி நேரம் இதிலேயே மேய்ந்தார். பென்டிரைவிலிருந்து ஓடுவதால் மெதுவாக இருக்கும், அதை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

டெஸ்க்டாப்பில் இருக்கும் 'இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்' படத்தைச் சொடுக்கினால் மொழி கேட்கும், கீபோர்டு கேட்கும், மல்டிமீடியா கோடெக் வேண்டுமா என்று கேட்கும். எல்லாம் சாதாரணக் கேள்விகள். அதற்கடுத்த திரையில்தான் சித்தப்பாவின் கை நின்றது. இந்தத் திரையில்தான் எல்லாருக்கும் நிற்கிறது.

மூன்று வழிகள். விண்டோஸ் பக்கத்திலேயே மின்ட்டை நிறுவு. டிஸ்க்கை அழித்துவிட்டு மின்ட்டை நிறுவு. வேறு ஏதாவது.

"இந்த ரெண்டாவதை அமுக்கிட்டா எல்லாம் போயிடுமா?"

"போயிடும் சித்தப்பா."

"அப்புறம் எதுக்கு அதை இவ்வளவு பக்கத்துல வச்சிருக்கான்?"

நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

முதல் வழி உங்கள் திரையில் இல்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். விண்டோஸ் முழுதாக அணையாமல் இருக்கலாம், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பைத் திரும்பப் பாருங்கள். அல்லது பயாஸில் இன்டெல் ஆர்எஸ்டி என்ற முறை ஓடிக்கொண்டிருக்கலாம். அதை ஏஹெச்சிஐ-க்கு மாற்ற வேண்டும், ஆனால் விண்டோஸை அதற்குத் தயார் செய்யாமல் மாற்றினால் விண்டோஸ் ஏற மறுக்கும். அந்த வேலையை வேறொரு நாள் நிதானமாகப் படித்துவிட்டுச் செய்யலாம். 'வேறு ஏதாவது' என்பது பார்ட்டிஷனைத் தாங்களே பிரிக்கத் தெரிந்தவர்களுக்கு. முதல் தடவை அந்தப் பக்கம் வேண்டாம்.

முதல் வழியைத் தேர்ந்தெடுத்து 'இன்ஸ்டால் நவ்' கொடுத்ததும் ஒரு சின்னப் பெட்டி வரும். டிஸ்க்கில் மாற்றங்களை எழுதலாமா என்று கேட்கும். நம்மில் பலர் படிக்காமல் ஓகே கொடுத்துப் பழகியது இந்த மாதிரிப் பெட்டிகளுக்குத்தான். இதை மட்டும் படியுங்கள். எந்த டிஸ்க், எந்த எண் பார்ட்டிஷன், எந்த வடிவம் என்று அதில் இருக்கும். டிஸ்க்கின் பெயர் எஸ்டிஏ (புது லேப்டாப்பில் என்விஎம்இ என்று தொடங்கும்), வடிவம் எக்ஸ்ட்4. எக்ஸ்ட்4 என்பது லினக்ஸின் வடிவம், விண்டோஸுடையது என்டிஎஃப்எஸ். புதிதாக உண்டாகும் எக்ஸ்ட்4 பார்ட்டிஷன் மட்டும் பட்டியலில் இருந்தால் விண்டோஸ் பத்திரமாக இருக்கிறது என்று பொருள். காலியிடத்தை முன்பே ஒதுக்கிவைத்துவிட்டதால் இந்தப் பெட்டிவரை டிஸ்க்கில் ஒரு எழுத்தும் மாறியிருக்காது, வெளியே வந்துவிடலாம். சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மொத்தத்தையும் டயரியில் எழுதினார். எழுதி முடித்து, வாய்விட்டு ஒருமுறை வாசித்து, அப்புறம்தான் 'கன்டின்யூ'.

மிச்சம் பெரிதாக ஒன்றுமில்லை. ஊர் கேட்டால் வரைபடத்தில் கொல்கத்தா என்றுதான் வரும், தஞ்சாவூர் வராது, நேரம் ஒன்றுதான். பெயர், பாஸ்வேர்டு. இந்தப் பாஸ்வேர்டை மறக்காதீர்கள், இனி எதை நிறுவவும் அதைத்தான் கேட்கும். கோப்புகள் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் சித்தி காபி கொண்டுவந்தார், குடித்து முடித்துக் கொஞ்ச நேரத்தில் ரீஸ்டார்ட் கேட்டது.

ஒரே ஒரு இடத்தில் எச்சரிக்கை. செக்யூர் பூட் ஆன் ஆகியிருந்து கோடெக்கும் டிக் செய்திருந்தால், நடுவில் ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லியிருக்கும். ரீஸ்டார்ட் ஆனதும் நீல நிறத்தில் எம்ஓகே என்று ஒரு திரை வந்து பத்து நொடி எண்ணும். வைரஸ் என்று பயந்து பவர் பட்டனை அமுக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு விசையைத் தட்டி, என்ரோல் எம்ஓகே என்பதைத் தேர்ந்து, அந்தப் பாஸ்வேர்டைக் கொடுத்தால் சரி. தவறவிட்டாலும் லினக்ஸ் ஏறிவிடும், சில வெளி டிரைவர்கள் மட்டும் வேலை செய்யாது.

நான் சென்னை திரும்பிய சில நாட்களில் போன்.

"ஏம்மா, உன் லினக்ஸ் விண்டோஸைக் கெடுத்துடுச்சு. காலைல ஏழு மணிக்கு விண்டோஸ் பக்கம் போனா ஒன்றரைன்னு காட்டுது."

சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால். லேப்டாப்புக்குள் ஒரு சின்ன பேட்டரியில் ஓடும் கடிகாரம் உண்டு. லினக்ஸ் அதில் சர்வதேசப் பொது நேரத்தை வைக்கும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணியைத் தானே கூட்டிக் காட்டும். விண்டோஸ் அந்தக் கடிகாரத்தில் இருப்பதே உள்ளூர் நேரம் என்று நம்பி அப்படியே காட்டுகிறது. இரண்டு ஓஎஸ்களும் ஒரே கடிகாரத்தைப் பார்த்து வேறு வேறு கணக்குப் போடுகின்றன, கெட்டுப்போனது எதுவுமில்லை. லண்டனில் இருந்தால் குளிர்காலத்தில் இந்தத் தகராறே தெரியாது. மின்ட்டின் டெர்மினலில் 'டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1' என்று ஆங்கிலத்தில் தட்டினால் அதுவும் உள்ளூர் நேரத்துக்கு வந்துவிடும். எழுத்தெழுத்தாகப் போனில் சொன்னேன். அவர் வாழ்க்கையில் டெர்மினலில் தட்டிய முதல் வரி அது.

தஞ்சாவூரில் இருந்தபோது தமிழ்த் தட்டச்சு பற்றித்தான் நான் அதிகம் கவலைப்பட்டேன், அவருக்கு அதுதான் உயிர். விண்டோஸில் பழகிய என்ஹெச்எம் ரைட்டர், இ-கலப்பை இரண்டும் இங்கே கிடையாது. கீபோர்டு செட்டிங்ஸிலேயே தமிழ் லேஅவுட்கள் இருக்கும், அதில் ஏமாறாதீர்கள். அந்த வழி ஒரு விசைக்கு ஒரு எழுத்து என்று மட்டும் போகும், தானாகப் புள்ளி வைக்கத் தெரியாது. சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் என்று தேடி நிறுவுங்கள், இன்புட் மெத்தடை ஐபஸ் என்று மாற்றி ஒருமுறை லாக்அவுட் செய்து உள்ளே வாருங்கள், பிறகு ஐபஸ் அமைப்பில் தமிழைச் சேருங்கள். தமிழ்99, ஃபொனெடிக், டைப்ரைட்டர், இன்ஸ்கிரிப்ட் எல்லாம் வரிசையாக நிற்கும். எனக்கு தமிழ்99. ஏ, கே, கே, க்யூ என்று நாலு தட்டு தட்டினால் 'அம்மா' வந்துவிடும், இரண்டு ம வந்தால் முதல் ம-வுக்கு அதுவே புள்ளி வைத்துக்கொள்ளும். சித்தப்பா இளவயதில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் போனவர். பட்டியலில் 'டைப்ரைட்டர்' என்ற சொல்லைப் பார்த்ததும் நான் சொன்ன தமிழ்99 புராணத்தைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அவருடைய தேவாரக் குறிப்புகள் வானவில் எழுத்துருவில் இருந்தன. யுனிகோடுக்கு முந்தைய சமாச்சாரம். லிப்ரே ஆபீஸில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டிக் கிடந்தது, அவருக்கு முகமே மாறிவிட்டது. விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த எழுத்துருக் கோப்பைக் காப்பி செய்து வந்து, இரண்டு சொடுக்கு, இன்ஸ்டால். அதே டிடிஎஃப் கோப்பு இங்கேயும் செல்லும். குறிப்புகள் தமிழாகின. இப்போது ஒவ்வொரு பதிகமாக எடுத்து, எழுத்துரு மாற்றி மூலம் யுனிகோடுக்குக் கொண்டுவந்து, கூடவே பிழை திருத்திக்கொண்டிருக்கிறார்.

இனி அந்தப் பிரின்டர். எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை. ஹெச்பி பிரின்டர்கள் பலவும் ஹெச்பிலிப் என்ற டிரைவர் இருந்தால் செருகியதும் ஓடும். இது அந்த வகை இல்லை. டிரைவர் போட்டுப் பார்த்தோம், ஒரு நாள் அச்சடிக்கும், மறுநாள் ஆளைத் தெரியாத மாதிரி நிற்கும். ஆகவே அச்செடுக்க வேண்டியதை பிடிஎஃப் ஆக்கி விண்டோஸ் பக்கம் போய் எடுக்கிறார். இதே காரணத்தால்தான் எல்லாரையும் லினக்ஸுக்கு வா என்று நான் கூப்பிடுவதில்லை. டேலியில் கணக்கு எழுதுகிறவர், பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி கடைக்காரர், போட்டோஷாப்பில் பிழைப்பவர் எல்லாம் விண்டோஸிலேயே இருக்கலாம். மாற்று மென்பொருள்கள் உண்டுதான், ஆனால் தொழில் ஓடுகிற இடத்தில் பரிசோதனை செய்யச் சொல்ல எனக்கு மனசில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். லினக்ஸ் போட்டால் பழைய லேப்டாப் பறக்கும் என்பார்கள். ஏறும் நேரம் குறைந்தது, விசிறிச் சத்தம் அடங்கியது, அதெல்லாம் உண்மை. ஆனால் பிரவுசரில் பத்து டேப் திறந்தால் 4 ஜிபி ராம் எந்த ஓஎஸ்ஸிலும் 4 ஜிபிதான். சுற்றுகிற ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி போட்டால் வரும் வேகம், ஓஎஸ் மாற்றுவதால் வருவதைவிடப் பல மடங்கு. போனில் இதைச் சொன்னேன்.

"மாத்திடலாம்மா. ஆனா புது டிஸ்க்குன்னா மறுபடி முதல்லேர்ந்து போடணுமே?"

"ஆமா சித்தப்பா. நான் வேணும்னா அடுத்த மாசம் வர்றேன்."

"நீ எதுக்கு? டயரில எல்லாம் இருக்கு. விண்டோஸுக்கு இடம் விடணுமா வேண்டாமா, அதை மட்டும் சொல்லு."

பிரின்டருக்கு ஒரு வழி பண்ணும்வரை விடுங்கள் என்றேன்.